கடலின் அமிலத்தன்மை: வெப்பத்துக்கு அதில் என்ன பங்கு?

"பூமி சூடாகிறது, அதனால் கடல் அமிலமாகிறது." தொலைக்காட்சி விவாதத்தில் இதைக் கேட்கலாம், வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் படிக்கலாம், பள்ளி அறிவியல் கண்காட்சியின் அட்டைகளிலும் பார்க்கலாம். பூமி சூடாவது உண்மை. கடலின் அமிலத்தன்மை கூடுவதும் உண்மை. ஆனால் முதலாவது இரண்டாவதற்குக் காரணம் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு இவற்றிலிருந்து வரும் கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயு காற்றில் தங்கி வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்து வைப்பது ஒரு வேலை. அதே வாயு கடல்நீரில் கரைந்து நீரின் வேதியியலை மாற்றுவது வேறொரு வேலை.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். தீர்வு என்று பேச ஆரம்பிக்கும்போதுதான் அதன் அவசியம் புரியும். வெப்பத்தைக் குறைக்கும் சில யோசனைகள் கடலின் அமிலத்தன்மையைத் தொடக்கூட மாட்டா. எனவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சேலத்துக்குக் கடல் கிடையாது. ஆனாலும் இந்தக் கதை நமக்குத் தொலைவானதல்ல. மேட்டூரில் எரியும் நிலக்கரியிலிருந்தும், கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகளிலிருந்தும் வெளிவரும் கரியமில வாயு உலகக் காற்று முழுவதும் கலந்துவிடுகிறது. அதில் ஒரு பங்கு கடலுக்குள் போகிறது. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கை ஒவ்வோர் ஆண்டும் கடல் வாங்கிக்கொள்கிறது.

கோலி சோடாவிலிருந்து தொடங்குவோம்

கோலி சோடாவில் இருப்பது தண்ணீரும் கரியமில வாயுவும்தான். அழுத்தம் கொடுத்து வாயுவைத் தண்ணீருக்குள் கரைக்கிறார்கள். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்து வைக்கிறது. குடிக்கும்போது நாக்கில் சுரீர் என்று ஒரு புளிப்பு தெரிகிறதே, எலுமிச்சை பிழியாத வெறும் சோடாவில் அது எங்கிருந்து வந்தது? கரைந்த வாயுவில் ஒரு சிறு பகுதி தண்ணீருடன் வினை புரிந்து கார்பானிக் அமிலம் என்ற மென்மையான அமிலமாக மாறுகிறது. அதன் சுவைதான் அது.

சோடாவில் எவ்வளவு வாயு கரையும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று அழுத்தம். மேலிருக்கும் வாயு கூடினால் நீருக்குள் கரைவதும் கூடும். கோலியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளியதும் அழுத்தம் போய்விடுகிறது, வாயு பொங்கி வெளியேறுகிறது. மற்றொன்று வெப்பநிலை. குளிர்ந்த நீர் வாயுவை அதிகம் பிடித்து வைக்கும், சூடான நீர் விட்டுவிடும். பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாவையும் மதிய வெயிலில் கிடந்த சோடாவையும் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பொருள் நீரில் எவ்வளவு கரையக்கூடும் என்ற அளவுக்குக் கரைதிறன் என்று பெயர். வாயுக்களின் கரைதிறன் சூட்டில் குறையும்.

கடலும் இதே விதிப்படிதான் நடக்கிறது. கடலின் மேல்பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. காற்றில் கரியமில வாயு கூடினால் கடலுக்குள் போவதும் கூடும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதாவது பழைய அளவைப் போல ஒன்றரை மடங்கு.

ஆனால் கடல்நீர் சோடா அல்ல. சோடாவில் இருப்பது வெறும் தண்ணீர். கடலிலோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த உப்புகள் இருக்கின்றன. கதையின் முக்கியமான பகுதி அந்த உப்புகளில்தான் இருக்கிறது.

நீருக்குள் என்ன நடக்கிறது?

கடலில் கரைந்த கரியமில வாயு கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் உடனே இரண்டாகப் பிரிகிறது: ஒரு ஹைட்ரஜன் அயனி, ஒரு பைகார்பனேட் அயனி. அயனி என்பது மின்னூட்டம் உள்ள அணு அல்லது அணுக்கூட்டம். ஒரு நீரில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு அதிகமோ அதன் அமிலத்தன்மையும் அவ்வளவு அதிகம்.

இப்படி வெளிவந்த ஹைட்ரஜன் அயனி சும்மா இருப்பதில்லை. கடலில் ஏற்கனவே கார்பனேட் என்ற இன்னோர் அயனி இருக்கிறது. கிடைத்த ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு அந்தக் கார்பனேட்டும் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. ஆக, புதிதாக வரும் அமிலத்தின் பெரும் பகுதியைக் கார்பனேட் தாங்கிக்கொள்கிறது. கடல் இவ்வளவு கரியமில வாயுவை வாங்கியும் கடுமையாக மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் தாங்கும் ஒவ்வொரு முறையும் கார்பனேட் செலவாகிறது. இருப்பு குறையக் குறைய அடுத்து வரும் வாயுவை வாங்கும் திறனும் குறைகிறது. இன்று கடலில் கரைந்துள்ள கார்பனில் சுமார் 90 சதவீதம் பைகார்பனேட் வடிவில் இருக்கிறது. கார்பனேட் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் ஒரு சதவீத அளவுக்குத்தான் கரைந்த வாயு.

சுருக்கமாக இதுவரை: காற்றில் கரியமில வாயு கூடுகிறது, அழுத்தத்தால் கடலுக்குள் போகிறது, அமிலமாகி ஹைட்ரஜன் அயனியை விடுகிறது, அது கார்பனேட்டைத் தின்கிறது. இந்தச் சங்கிலியில் வெப்பம் இன்னும் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிஎச் என்ற அளவுகோல்

அமிலத்தன்மையை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் சோரன்சன் 1909இல் கொண்டுவந்தது. தூய நீரின் பிஎச் 7. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் என்பதால் முதல் பார்வையில் தலைகீழாகத் தோன்றும், பழகிவிடும்.

கடலின் மேல்பரப்பு முன்பு சராசரியாக 8.2 அளவில் இருந்தது, இப்போது 8.1 அளவில் இருக்கிறது. அதாவது கடல் இன்னும் காரப் பக்கம்தான். வரும் நூற்றாண்டில் 7க்குக் கீழே போய் உண்மையான அமிலமாகிவிடும் என்று யாரும் கணிக்கவில்லை. "கடல் ஆசிட்டாக மாறுகிறது, குளித்தால் தோல் வெந்துவிடும்" என்று பரவும் செய்திகளை நம்ப வேண்டாம். சேர்வராயன் மலையில் பெய்யும் சுத்தமான மழைநீரே, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்வதால், 5.6 அளவில் இருக்கும். கடலைவிட அது நிச்சயமாக அமிலம்தான்.

"வெறும் 0.1 தானே குறைந்தது, இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று எதிர்ப்பக்கம் ஒரு கேள்வி வரும். பிஎச் அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகிறது. 0.1 இறங்கினால் சுமார் 26 சதவீதம் கூடுகிறது. ஒரு குளத்தில் இல்லை, உலகக் கடல் பரப்பு முழுவதிலும் இந்த மாற்றம் சராசரியாக நடந்திருக்கிறது. ஹவாய்க்கு வடக்கே 1988 முதல் ஒரே இடத்தில் கடல்நீரை எடுத்து அளந்து வருகிறார்கள். அங்கே பிஎச் ஆண்டுக்கு 0.002க்குச் சற்றுக் குறைவாக இறங்கிக்கொண்டே வருகிறது. ஓர் ஆண்டில் கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் பருவ ஏற்ற இறக்கத்துக்கு நடுவே கோடு கீழ்நோக்கிப் போவது தெளிவாகத் தெரியும்.

ஓடுகளுக்கு என்ன ஆகிறது?

சிப்பி, சங்கு, பவளம், கடலில் மிதக்கும் நுண்ணிய உயிர்கள் பலவும் கால்சியம் கார்பனேட்டால் தங்கள் ஓட்டையோ கூட்டையோ கட்டுகின்றன. சங்ககிரிப் பக்கம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். கடலில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. தட்டுப்பாடு வருவது கார்பனேட்டில். மேலே பார்த்தபடி கரியமில வாயு உள்ளே வர வர அதுதான் செலவாகிறது.

பள்ளிக் கண்காட்சிகளில் முட்டை ஓட்டை வினிகரில் போட்டுக் காட்டுவார்கள். ஓடு நுரைத்துக் கரையும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இந்தச் சோதனை பாதி தவறான பாடத்தைச் சொல்கிறது என்பது என் கருத்து. வினிகரின் பிஎச் 3க்கும் கீழே. கடல் அப்படி எதையும் ஊற்றிக் கரைப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் நடப்பது வேறு: ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைந்துபோவதால், அதே ஓட்டைக் கட்ட உயிரினம் கூடுதல் சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது. வளர்ச்சி குறைகிறது, ஓடு மெலிகிறது. குஞ்சுப் பருவத்தில் சேமிப்பு சக்தி குறைவு என்பதால் அடி முதலில் குஞ்சுகளுக்கே. கார்பனேட் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால்தான், பாதுகாப்பில்லாத ஓடு தானாகக் கரையத் தொடங்கும்.

இதை நேரடியாகப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஒரிகான் கடற்கரையில் விஸ்கி கிரீக் என்ற சிப்பிக் குஞ்சுப் பண்ணையினர். 2007, 2008 ஆண்டுகளில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. முதலில் நோய்க்கிருமி என்றே நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, காற்று மேல்நீரைத் தள்ளியபோது அடியிலிருந்து கரியமில வாயு மிகுந்த நீர் மேலேறி வந்து பண்ணைக்குள் புகுந்திருக்கிறது. இப்போது நீரை விடாமல் அளந்து, தேவைப்படும்போது சலவைச் சோடா என்கிற சோடியம் கார்பனேட்டைச் சேர்த்துப் பண்ணையை நடத்துகிறார்கள். செலவான கார்பனேட்டைத் திரும்பப் போடுகிறார்கள், அவ்வளவுதான். தொட்டிக்கு இது சரி. கடலுக்கு யார் போடுவது?

மேலேறி வந்த அந்த நீர் சூடான நீர் இல்லை, குளிர்ந்த நீர். அங்கிருந்துதான் வெப்பத்தின் பங்கைப் பார்க்க வேண்டும்.

வெப்பம் என்ன செய்கிறது?

சோடாவின் இரண்டாவது விதியை நினைவுபடுத்திக்கொள்வோம்: சூடான நீர் வாயுவை விட்டுவிடும். அப்படியானால் கடல் சூடாகும்போது கரியமில வாயுவை வாங்குவது கொஞ்சம் குறையத்தான் வேண்டும். ஆமாம், குறைகிறது. "சூட்டால் கடல் அமிலமாகிறது" என்பதற்கு இது நேர் எதிர்.

அப்புறம் இன்னொரு விளைவும் இருக்கிறது. மூடிய பாட்டிலில் கடல்நீரை வைத்து ஒரு டிகிரி சூடாக்கினால் அதன் பிஎச் சுமார் 0.015 இறங்கும். வேதிவினைகளின் சமநிலை சூட்டில் சற்று நகர்வதே காரணம். ஆனால் கடலுக்கு மூடி இல்லை. சூடான மேல்நீர் கொஞ்சம் வாயுவைக் காற்றுக்கு விட்டுவிடுகிறது, அதனால் பிஎச் மீண்டும் ஏறுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. வெப்பநிலை பெரிதும் வேறுபட்டாலும் துருவக் கடலின் மேல்நீருக்கும் நிலநடுக்கோட்டுக் கடலின் மேல்நீருக்கும் சராசரி பிஎச்சில் பெரிய வித்தியாசம் இல்லாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

வெப்பத்தால் வேறு தொல்லைகள் உண்டு. சூடான மேல்நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடுவதால் ஆழத்து நீருடன் கலப்பது குறைகிறது. மேலே வாங்கிய கார்பன் கீழே இறங்குவது மெதுவாகிறது.

ஆனால் சிப்பிக்கும் சங்குக்கும் முதல் ஆபத்து எங்கே என்று கேட்டால், வெப்பக் கடலில் இல்லை. குளிர்ந்த நீரில் கரியமில வாயு அதிகம் கரைவதால் அங்கே கார்பனேட் இயல்பாகவே குறைவு. அதனால் ஆர்க்டிக் கடலும் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலும்தான் ஓடு கரையும் எல்லையை முதலில் நெருங்குகின்றன. சூடுதான் காரணம் என்றால் கதை தலைகீழாக அல்லவா இருந்திருக்கும்?

"கடல்தானே வாயுவை விடுகிறது?"

இந்தச் சோடா விதியைப் பாதி கற்றவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். படித்தவர்களிடமிருந்தும் இது வருவதால் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். வாதம் இது: சூரியனாலோ வேறு எதனாலோ கடல் சூடாகிறது, சூடான கடல் கரியமில வாயுவை விடுகிறது, அதனால்தான் காற்றில் அது கூடியிருக்கிறது, மனிதன் மேல் பழி போடாதீர்கள்.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. பனியுகங்கள் முடிந்தபோது அப்படித்தான் நடந்தது. பூமி சூடாகத் தொடங்கியதும் கடல் வாயுவை விட்டது, அது மேலும் சூட்டைக் கூட்டியது. பனியுகத்தில் 180 அளவில் இருந்த கரியமில வாயு, முடிந்தபின் 280க்குப் போக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின.

இன்று நடப்பது அதுவா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல்நீர் ஒரு டிகிரி சூடானால் வாயுவை வெளியே தள்ளும் போக்கு சுமார் 4 சதவீதம் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கடல் மேல்பரப்பு சூடாகியிருப்பது ஏறத்தாழ ஒரு டிகிரி. ஆக வெளியே தள்ளும் விசை 4 சதவீதம். காற்றில் கரியமில வாயு கூடியிருப்பதோ 50 சதவீதம். அதுதான் உள்ளே தள்ளும் விசை. எது வெல்லும்?

அளந்து பார்த்தாலும் அதே பதில். கடல் வாயுவை விட்டுக்கொண்டிருந்தால் கடலில் கார்பன் குறைய வேண்டும், பிஎச் ஏற வேண்டும். கார்பன் கூடுகிறது, பிஎச் இறங்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சிறிது சிறிதாகக் குறைந்து வருகிறது. எதையாவது எரித்தால் ஆக்சிஜன் செலவாகும். கடல் வாயுவை வெளியிட ஆக்சிஜன் தேவையே இல்லை. கடலின் அமிலத்தன்மை கூடுவது ஒன்றே இந்த வாதத்தை உடைக்கப் போதும் என்று நினைக்கிறேன். குற்றம் சாட்டப்பட்ட கடல்தான் உண்மையில் வாங்கிக்கொண்டிருக்கிறது.

சுருக்கமாக: வெப்பம் கடலுக்குள் வாயு போவதைச் சற்றுத் தடுக்கிறது, காற்றில் கூடிய வாயு அதைவிடப் பல மடங்கு பலமாக உள்ளே தள்ளுகிறது.

பவளம் வெளிறுவது எதனால்?

அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் இது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1998, 2010, 2016 ஆண்டுகளில் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளிறின. அதற்குக் காரணம் அமிலத்தன்மை இல்லை, நேரடியாக வெப்பம்தான். பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அதற்கு உணவும் நிறமும் கொடுப்பவை அவையே. கடல்நீர் சில வாரங்கள் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. உள்ளிருக்கும் வெள்ளைக் கூடு தெரிகிறது. சூடு விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பலாம், இல்லாவிட்டால் பவளம் இறந்துபோகும்.

அமிலத்தன்மை கூடுவது அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. அது மெல்லப் பவளத்தின் கூடு வளர்வதைக் குறைக்கிறது, இருக்கும் பாறையைத் தளர்த்துகிறது. வெளிறிப் பிழைத்த பவளம் மீண்டும் கட்டியெழ வேண்டிய நேரத்தில் கட்டும் பொருள் குறைவாக இருக்கிறது என்றால் நிலைமை எப்படி இருக்கும்! காரணம் ஒரே வாயு, வழி இரண்டு, அடி வாங்குவது ஒரே பவளம். பவளப்பாறையை நம்பி வாழும் மீன்களும், அந்த மீனை நம்பி வாழும் கடலோர மக்களும் இருப்பதால் எனக்கு இது வெறும் வேதியியலாகத் தெரியவில்லை.

அமில மழையையும் இதனுடன் சேர்க்க வேண்டாம். அது நிலக்கரியிலுள்ள கந்தகமும் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் மழையில் கரைவதால் வருவது. அதைப் புகைபோக்கியிலேயே வடிகட்டிக் குறைக்கலாம்.

சூட்டை மட்டும் குறைத்தால்?

1991இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்தபோது, மேல் வளிமண்டலத்துக்குப் போன கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்து உலகச் சராசரி வெப்பநிலையை ஓரிரு ஆண்டுகளுக்கு அரை டிகிரி அளவு குறைத்தன. அதே போலச் செயற்கையாகத் துகள் தூவிப் பூமியைக் குளிர வைக்கலாம் என்ற யோசனை இன்று பேசப்படுகிறது. அதன் நல்லது கெட்டது தனிக் கதை. கடலின் அமிலத்தன்மைக்கு அதனால் பயன் இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு அப்படியே இருக்கும், கடலும் வாங்கிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த கடல் இன்னும் சற்றுக் கூடுதலாகவே வாங்கும். தொடக்கத்தில் சொன்ன வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது.

கடல் தானாகச் சரியாக ஒரு வழி இருக்கிறது, அது நம் மலையிலும் நடக்கிறது. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையை மெல்ல அரிக்கிறது. அதில் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டும் வெளிவந்து திருமணிமுத்தாற்றில் இறங்கி, காவிரியில் சேர்ந்து, கடலுக்குப் போகின்றன. உலகமெங்கும் ஆறுகள் இப்படித்தான் கடலுக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தியைக் கொடுக்கின்றன. ஆனால் நாம் சேர்த்த கரியமில வாயுவை இந்த வழியில் முழுமையாகச் சமன் செய்யப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும்.

அந்த அரிப்பை வேகப்படுத்தலாமா என்று ஆராய்கிறார்கள். பாறையைப் பொடியாக்கிக் கடலிலோ நிலத்திலோ தூவும் யோசனை. சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு நெருக்கம் உண்டு. நம் ஊருக்கு வடக்கே மலையடிவாரத்தை ஒட்டி வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், கரியமில வாயு கலந்த நீர் அங்கிருந்த மக்னீசியப் பாறையுடன் வினை புரிந்து உண்டானது. கரியமில வாயு கல்லாகிக் கிடக்கிறது என்றே சொல்லலாம். தூய மேக்னசைட்டின் எடையில் பாதிக்கு மேல் அந்த வாயுதான். சூளையில் சுட்டால் அது மறுபடி காற்றுக்கே போய்விடும் என்பதால் வெள்ளைக்கல் இந்த வேலைக்கு உதவாது. அதன் பக்கத்திலேயே கிடைக்கும் டியூனைட் என்ற பாறை உதவும். அதிலுள்ள ஒலிவின் என்ற கனிமம் இன்னும் வாயுவைப் பிடிக்காமல் இருப்பது.

அளவைப் பாருங்கள். ஒரு டன் தூய ஒலிவின் முழுவதும் கரைந்தால் அதிகபட்சம் ஒன்றேகால் டன் கரியமில வாயுவைப் பிடிக்கும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் உலகம் ஓர் ஆண்டில் வெளியிடுவது 3,500 கோடி டன்னுக்கும் மேல். அதை மட்டும் ஈடுகட்ட ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 3,000 கோடி டன் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். உலகம் முழுவதும் இப்போது ஓர் ஆண்டில் தோண்டும் நிலக்கரியைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம் அது. தோண்டவும் அரைக்கவும் செலவாகும் எரிபொருளை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை.